நான்காவது முட்டுக்கட்டை

ஏழு ஆண்டுகளாகத் தாழங்குளத்து ஈசன் வீதியுலா எழுந்தருளவில்லை. வாணவேடிக்கைப் பொறி பட்டுத் தேர் எரிந்த நாள்முதல், சித்திரைத் திருவிழாவில் சுவாமி மதிலுக்குள்ளேயே வலம்வந்து கருவறைக்குத் திரும்பிவிடுவார்.

அந்தத் தேரை ஓட்டுவதாகத்தான் ஊர்த் தர்மகர்த்தா சுப்பராயலு ரெட்டியார் நேர்ந்துகொண்டிருந்தார். மகன் அம்மை கண்டு கிடந்தபோது, அவன் எழுந்தால் தம் செலவில் தேரோட்டம் நடத்துவதாகச் சந்நிதியில் சொன்ன சொல் அது. மகன் எழுந்தான், தேர் எரிந்தது. இப்போது மனைவி கனகாம்பாள் நெஞ்சுநோயால் நூலாக இளைத்துப் படுத்த படுக்கையாகிவிட்டாள். புதுச்சேரி வைத்தியர் கையை விரித்துவிட்டார். விடியலில் பதிகம் ஓதும்போதெல்லாம், கொடுத்த வாக்கை ஈசன் கேட்டு நிற்பதாகவே ரெட்டியாருக்குத் தோன்றியது.

வில்லியனூருக்கு அப்பால், ஆற்றின் அக்கரையில், பிரெஞ்சு ஆட்சிக்குள் இருந்த ஆலங்கரைக் கோயிலில் புதுத்தேர் செய்துவிட்டார்களாம், பழையதை வேறு கோயிலுக்குத் தரப்போகிறார்களாம் என்று செய்தி வந்தது. மறுநாளே வில்வண்டி பூட்டச் சொன்னார். கூடவே பக்கிரியை அழைத்துக்கொண்டார். பக்கிரி அவர் நிலத்தில் ஏர் பிடிப்பவன். தேரோடிய காலத்தில் முட்டுக்கட்டை போட்டவன். உருண்டு வரும் சக்கரத்தின் கீழே கட்டையைச் செருகித் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் வேண்டும். சக்கரத்துக்கும் கட்டை போடுகிறவனின் காலுக்கும் இடையே ஒரு சாண் இடமே இருக்கும்.

ஆலங்கரைத் தர்மகர்த்தா சாமிநாத முதலியார் தேர்க்கொட்டகையைத் திறந்துவிட்டார். இருளுக்குள் யாளிகளும் அடியார்களும் செதுக்கிய தேர் மலைபோல் நின்றது. ரெட்டியாரின் கைகள் தாமாகக் குவிந்தன.

"வருஷா வருஷம் சர்க்கார் இஞ்சினீர் வந்து பாத்துட்டுத்தான் ரோட்டுல வுடுவாரு. இதோ பாருங்க, அத்தினியும் பிராஞ்சு முத்திரை. ஒரு வருஷங்கூட வாணாம்னு சொன்னதில்ல ரெட்டியாரே" என்று முதலியார் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார்.

ரெட்டியார் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அச்சு உறுதி, சக்கரம் உறுதி, இரும்புப் பட்டை உறுதி. எல்லா ஆண்டும் அதே சொல். காகிதங்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

பக்கிரி அந்தப் பக்கமே வரவில்லை. கொட்டகை மூலையில் குந்தி, அங்கே அடுக்கியிருந்த நான்கு முட்டுக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். மூன்று கட்டைகள் எண்ணெயும் கைவியர்வையும் ஊறிக் கன்னங்கரேலென்று இருந்தன. நான்காவது பழுப்பேறாத புது மரம்.

"இது மட்டும் இன்னா சாமி புதுசு?"

"பழசைக் கரையான் அரிச்சிடுச்சுப்பா" என்றார் முதலியார்.

"கரையானுக்கும் நாக்கு ருசி இருக்கும்போல. பக்கத்துல கெடந்த மூணையும் வுட்டுட்டு ஒண்ணை மட்டும் தின்னுருக்கு!"

முதலியார் சிரித்தார். சிரிப்பு கண்வரை ஏறவில்லை. இளநீர் வெட்டச் சொல்லப் போவதாக வெளியே போனார்.

பக்கிரி எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினான். "ஐயா, இந்தத் தேரு வாணாம்."

"ஏன்டா? அத்தனை முத்திரை இருக்கே."

"கட்டை போடறவன் நோவுல செத்தா அவன் கட்டை புள்ளைக்குப் போவும். தேர்க்கால்ல செத்தா அதையும் அவனோட வச்சுக் கொளுத்திடுவாங்க. நம்மூர்ல அப்படி எதுவும் நடக்கல, அதான் உங்களுக்குத் தெரியாது. எங்கப்பன் சொல்லியிருக்கான்."

ரெட்டியார் அந்தப் புதுக் கட்டையைப் பார்த்தார். கொட்டகைக்குள் திடீரென்று குளிர்ந்தது போலிருந்தது.

"அச்சை மாத்திட்டா?"

"அச்சு நல்லாத்தான் இருக்குது. எடது பின்சக்கரத்துப் பட்டைய மட்டும் பாருங்க, எப்படித் தேஞ்சிருக்கு! மேல்கட்டு எடது பக்கம் கனம். சாமியும் ஐயருங்களும் ஏறி ஒக்காந்தா வளைவுல சாயும். இஞ்சினீரு தட்டிப் பாத்தது வெறுந்தேரு, அதுவும் நின்ன தேரு."

வேறு தேர் செய்ய மரம் வெட்டிக் காயவைத்துச் செதுக்க மூன்று ஆண்டாகும். கனகாம்பாளுக்கு அடுத்த மழைக்காலம் உண்டா என்பதே ஐயம். வேண்டாம் என்று சொல்ல ரெட்டியாருக்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அவர் தாம் சொல்லாமல் பண்ணையாளின் தலையில் வைத்தார்.

"நீயே சொல்லு பக்கிரி. வீட்டுல அம்மா கிடக்கிற கிடை உனக்குத் தெரியும். நீ மாட்டேன்னா வாங்கல."

பக்கிரி குனிந்து தேய்ந்த பட்டையை விரலால் தடவினான். "நான் மாட்டேன்னா, வேற ஆளை வச்சு ஓட்டமாட்டீங்களே?"

ரெட்டியார் தேர்ப்பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"சரிங்கய்யா. எடது பின்சக்கரத்துல நானே நிக்கறேன். ஆனா இந்தக் கட்டை எனக்கு வாணாம், நான் வேற செதுக்கிக்கறேன்."

தேரைப் பிரித்து மாட்டுவண்டிகளில் ஏற்றி வந்து தாழங்குளத்தில் மீண்டும் பூட்டினார்கள். பங்குனி முழுதும் பக்கிரியின் குடிசைப் பக்கமிருந்து வாய்ச்சியால் மரம் கொத்திச் செதுக்கும் ஓசை ரெட்டியார் வீடுவரை கேட்டது. அவன் மனைவி செல்லக்கண்ணு ஒருமுறை வந்து, பின்கட்டில் கனகாம்பாளின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். வெறுந்தேர் வெள்ளோட்டம் போனபோது ஒரு முனகல்கூட எழவில்லை. ஊரார் ரெட்டியாரின் கைராசியைப் புகழ்ந்தார்கள்.

சித்திரைத் தேரன்று ஈசன் அம்மையோடு எழுந்தருளினார். ரெட்டியார் கூப்பிய கையோடு தேருக்கு முன்னால் நடந்தார். கீழவீதியும் தெற்குவீதியும் கடந்தாயிற்று. தென்மேற்கு வளைவைத் திரும்பினால் அவர் வீடு. சன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டுக் கனகாம்பாளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வடத்தைப் பிடித்தவர்களின் 'அரகர' முழக்கம் வளைவில் ஓங்கியது. முதுகுக்குப் பின்னே மரம் நெரியும் ஒலி. மேளம் நின்றது. பிறகு ஒரு பெண்ணின் குரல் மட்டும்.

அவர் திரும்பிப் பார்க்கும்போது தேர் நிமிர்ந்துதான் நின்றது. அதைச் சாயாமல் நிறுத்தியது பக்கிரியின் கட்டை. அவன் சக்கரத்தின் பக்கத்தில் இல்லை, அடியில் இருந்தான்.

அன்று மாலை செல்லக்கண்ணு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "அவரு கட்டையைக் குடுங்க ஐயா" என்றாள். பிளவுபட்டு ஈரமாயிருந்த அந்தக் கட்டையை ரெட்டியார் தம் இரு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.

கனகாம்பாள் பிழைத்துக்கொண்டாள். ஆடியில் எழுந்து உட்கார்ந்தாள். தையில் அடுப்படிக்கு வந்தாள். ஈசன் கண் திறந்தான் என்றது ஊர். ரெட்டியார் இப்போதும் விடியலில் எழுந்து நீராடி நீறு பூசிச் சந்நிதியில் நிற்கிறார். பதிகம் மட்டும் ஓதுவதில்லை. தொண்டை கட்டிவிட்டது என்கிறார்.

மறு சித்திரைக்கு முன், அவர் வீட்டு முற்றத்தில் கட்டைகளுக்கு எண்ணெய் பூசினார்கள். வாசலில் கனகாம்பாள் தேர்க்கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இடது பின்சக்கரத்துக்கென்று வெளியூரிலிருந்து அமர்த்திய வீரப்பன் கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான்.

"மூணும் கருத்துக் கெடக்குது. இது மட்டும் இன்னாங்கய்யா புதுசு?"

கோலமாவு எடுத்த கனகாம்பாளின் கை அப்படியே நின்றது.

ரெட்டியார் மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பழசைக் கரையான் அரிச்சிடுச்சுப்பா" என்றார்.