கட்டியோடு வந்தவள்

தலை, கழுத்து, மூக்கு நோய்களுக்கான அந்த மருத்துவமனையில் அனுமதிச் சீட்டு கட்டியின் பெயரில்தான் போடப்படும். கட்டியைச் சுமந்து வருகிறவர் 'கூட வந்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். பிரகாசியும் அப்படித்தான் இட்டாள். துறைமுகத்தில் இருபது வருடமாக மீன் ஏலம் விடுகிறவள். கழுத்தின் இடப்பக்கம் எலுமிச்சம்பழ அளவில் வளர்ந்திருந்த கட்டியை எடுத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று வந்திருந்தாள். அவள் புருஷன் சிலுவைக்குச் சீட்டில் கட்டம் இல்லாததால் வராந்தாவில் நிற்க வைத்தார்கள்.

வார்டில் கட்டிலும் போர்வையும் கட்டிக்கு. கூட வந்தவர் கட்டிலில் படுக்கக் கூடாது. பிரகாசி கழுத்தை மட்டும் மெத்தையில் வைத்து, மிச்சத்தைத் தரையில் மடக்கிக்கொண்டு உறங்கினாள். காலையில் நர்ஸ் கட்டிக்குப் பாலும் ரொட்டியும் நீட்டுவாள். பிரகாசி அதன் சார்பில் விழுங்குவாள். விழுங்க முடியாமல் அவள் துப்பினால், கட்டிக்குப் பசியில்லை என்று நர்ஸ் குறித்துக்கொள்வாள்.

அறுவை சிகிச்சை நிபுணர் சந்தானகோபாலன் தினமும் ஒன்பது மணிக்கு வந்து கட்டியின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார். "சார், உறக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடிப் பதிலைக் கேட்டுக்கொள்வார். இவ்வளவு பவ்யத்தை அவர் தம் மாமனாரிடம்கூடக் காட்டியிருக்க மாட்டார்.

"டாக்டரய்யா, எனக்கு முழுங்கவே முடியல" என்றாள் பிரகாசி.

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா. நான் பேஷண்ட்கிட்ட பேசிட்டிருக்கேன்."

புதன்கிழமை குழு கூடியது. அறுப்பதா, கீமோ கொடுப்பதா என்று தீர்மானிக்கிற குழு. நீள மேஜையைச் சுற்றி எட்டு டாக்டர்கள்; தலைமை நாற்காலி கட்டிக்கு. பிரகாசி பக்கத்தில் மண்டியிட்டு, கழுத்தை நாற்காலியின் கைப்பிடியில் சாய்த்துக்கொண்டாள். முந்திரிப் பக்கோடாவை முதலில் கட்டிக்கு நீட்டி, அது வேண்டாம் என்றதும் எட்டுப் பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள். கீமோ டாக்டர் தம் மருந்தின் பெருமைகளை அரைமணி நேரம் அளந்தார். முடி உதிர்வது பற்றித் தனக்குக் கவலையில்லை, குமட்டல்தான் ஒத்துவராது என்று கட்டி தெரிவித்தது. பிறகு சந்தானகோபாலன் ஸ்டெதஸ்கோப்பில் வெகுநேரம் கேட்டார்.

"சாருக்கு ஒரே தொந்தரவு இந்தம்மாதான்" என்றார். "மூணு வருஷமா கூடவே ஒட்டிக்கிட்டிருக்காங்க. இவங்க ஏலம் போடுற சத்தத்துல அவரால நிம்மதியா வளர முடியல."

எல்லோரும் பரிதாபத்தோடு தலையாட்டினார்கள். மெல்லுவதை நிறுத்தாமலே பரிதாபப்படத் தெரிந்த கூட்டம் அது.

"என் கழுத்துய்யா இது!" என்று பிரகாசி கத்தினாள். "அத அறுத்துப் போடுங்க, நான் வீட்டுக்குப் போவணும்." கூட வந்தவர் கூச்சல் போட்டதாகக் குறிப்பேட்டில் எழுதினார்கள். கட்டியிலிருந்து பிரகாசியை முழுமையாக அகற்றுவது என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வராந்தாவில் சிலுவையிடம் விவரம் சொல்லிக் காகிதத்தை நீட்டினார்கள். வெள்ளைக் கோட்டைக் கண்டால் கைகட்டுகிற ஆள். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

"என்னத்துக்குத் தலையாட்டுதீரு?" என்றாள் பிரகாசி.

"பெரியவங்க சொல்லுதாங்கல்லா."

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்து, பிரமாதமாக முடிந்தது. கட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. சிலுவை அதைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். பஸ்ஸில் அதற்கு ஜன்னலோரம் கிடைத்ததாம். பிரகாசியை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு, தீங்கான வகையா இல்லையா என்று பார்க்கப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்துச் சந்தானகோபாலன் ஜாடியருகே வந்தார்.

"நீங்க சாதுவான வகைதாம்மா. எடுத்திருக்கவே வேண்டாம்" என்றார். குரலில் வருத்தமில்லை, காகிதம் சரியாக இருந்த திருப்திதான்.

"அப்ப என்னைய வீட்டுக்கு விடுங்க." அவள் வாயிலிருந்து குமிழ்கள் எழும்பின.

"வீட்டுல உங்க மிச்சம் ஏதாவது இருக்கும். அதையும் சுத்தம் பண்ணிடறோம்."

எதிர் அறைக் கண்ணாடிக்கு அப்பால், ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட சிலுவை உட்கார்ந்திருந்தான். ஸ்கேனில் அவன் நெஞ்சில் மூன்று இடங்களிலும் நாக்கில் ஓரிடத்திலும் பிரகாசி தென்பட்டிருந்தாள். ஆறு ரவுண்டு கீமோ என்று முடிவாகியிருந்தது. நர்ஸ் அவன் கையில் ஊசியைச் செருகிப் பாட்டிலைத் தொங்கவிட்டாள். அவன் வழக்கம்போல் பணிவாக இருந்தான்.

பிரகாசிக்கு ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. ஊரையே கூட்டிய குரலையெல்லாம் திரட்டி ஜாடியை அடித்தாள். "இந்தாரும், அந்த ஊசியப் புடுங்கிப் போட்டுட்டு எந்திரியும்!"

பாட்டில் பாதி இறங்கியிருந்தபோது சிலுவை அவளைப் பார்த்துச் சிரித்தான். முழுவதும் இறங்கியபின், யாரோ ஒரு அம்மா கூப்பிடுகிறாற்போல இருக்கிறது என்று நர்ஸிடம் சொன்னான்.

"அடுத்த ரவுண்டுல அதுவும் கேக்காது" என்றாள் நர்ஸ். "வரும்போது நீங்க சாப்பிட்டுட்டே வாங்க."

சிலுவை சரியென்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.