ஆறாவது பக்கம்

மோதிரம் விரல் மூட்டைத் தாண்டவில்லை.

"சோப்பு போட்டுப் பாரு" என்றாள் அத்தை.

"போட்டாச்சு அத்தை. நூல் இருந்தா குடுங்க" என்றாள் மகள்.

வீங்கிய விரலுக்கு ஒரு வழி உண்டு. நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்துவிட்டு, மீதி நூலை நகத்தை நோக்கி நெருக்கமாகச் சுற்ற வேண்டும். மூட்டு ஒடுங்கும். பிறகு அடிமுனையைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் தானாக நகர்ந்து வரும். அப்பாவுடையதும் வந்தது.

"உசுரோட இருக்கும்போது எவன் சொல்லையும் இப்படிக் கேட்டவன் இல்ல என் தம்பி" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

பேராசிரியர் வந்தார். கூடவே பழைய மாணவர்கள் மூன்று பேர். அவளோடு கல்லூரி மாடியறையில் வெள்ளிக்கிழமை தோறும் கூடி எழுதியவர்கள். அப்பா அந்தக் கல்லூரியில்தான் தட்டச்சர்.

மாடியறைக்கு ஒரு விதி இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, பெயர் போடாமல் பெட்டியில் போட வேண்டும். கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், எல்லாவற்றையும் அப்பா ஒரே எழுத்துருவில் தட்டச்சு செய்து தருவார். பேராசிரியர் வாசிப்பார். மற்றவர்கள் குறை சொல்லிக் கிழிப்பார்கள். எழுதியவரும் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலி போட வரும் அப்பாவும் முடியும்வரை சுவரோரமாக நிற்பார்.

பேராசிரியர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இது உங்கிட்ட இருக்கணும்மா."

முதல் வரியிலேயே அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மனைவி இறந்த ஒருவன், நாற்காலி முதுகில் மூன்று கயிறுகளைக் கட்டிவைத்து, மகளுக்குச் சடை பின்னப் பழகுகிறான். எந்தக் கயிறு எதன் மேல் போகும் என்பதுவரை எழுதியிருந்தது. 'இது கதையா? லீவு லெட்டர்' என்று அன்று சொன்னவள் அவள். அறையே அதிர்ந்தது. அப்பாவும் சிரித்தார்.

"அன்னிக்கு எழுதினவங்க அஞ்சு பேரு. வந்தது ஆறு பக்கம்" என்றார் பேராசிரியர். "எண்ணிட்டு உங்கப்பாவைப் பாத்தேன். ஜன்னலைச் சாத்தப் போயிட்டாரு."

அன்று ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, அந்தக் கயிற்றுக் கதை ரொம்ப மோசமா என்று அப்பா கேட்டிருந்தார். அதில் உயிரே இல்லை என்று அவள் சொல்லியிருந்தாள்.

"அப்புறம் எழுதினாரா சார்?"

"அதுக்கப்புறம் அஞ்சு பேரு போட்டா அஞ்சு பக்கம்தான் வந்துது."

"ஏன் சார் சொல்லல?"

"பேரைச் சொல்லக்கூடாதுன்னு விதி போட்டவனே நான்தானேம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும்தான் சிரிச்சேன்."

மாணவர்களில் ஒருவன் பேச எழுந்தான். அவன் வாக்கியம் எதுவும் முடியாது என்பதால் அந்நாளில் அவனுக்குக் 'கமா' என்று பெயர். இப்போது நான்கு புத்தகங்கள் போட்டவன்.

"நமக்காக ஆயிரம் பக்கம் அடிச்சவரு, தனக்குன்னு ஒரு வரி கேட்காதவரு, ஒரு வரி எழுதாதவரு..." அவள் பக்கம் திரும்பினான். "எழுதினதே இல்லதானே?"

எல்லோரும் பார்த்தார்கள். பேராசிரியர் மட்டும் தரையைப் பார்த்தார்.

"இல்ல" என்றாள்.

தெருவில் வண்டி வந்து நின்றது. தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வாசல் கேட்டின் ஒரு கதவு பிடிக்காவிட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அவர்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்வரை அதைத் தோளால் தாங்கி நின்றாள்.