பதினாலாம் எண் சீட்டு

பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுக் கற்பித்தல் திட்டத்தை எல்லாரும் சேர்ந்தே எழுதப்போகிறோம் என்று மச்சான் அறிவித்த அன்றே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மச்சான் என் மனைவியின் அண்ணன். வேதியியல்காரர், திட்டக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். நான் கணிதம். யாராவது "எல்லாரும் சேர்ந்து" என்று ஆரம்பித்தால், ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

கூட்ட அறைச் சுவரில் மூன்று பெரிய தாள்கள்: வைத்துக்கொள்வது, மாற்றுவது, விடுவது. ஆளுக்கு மூன்று மஞ்சள் சீட்டு. தாளுக்கு ஒன்றாக எழுதி, பெயர் போடாமல் மடித்துப் பெட்டியில் போட வேண்டும்; பிறகு பிரித்து அந்தந்தத் தாளில் ஒட்டுவார்கள்.

"முதல் தாள்ல ஒரு சீட்டாவது விழாதது திட்டத்துல வராது," என்றார் மச்சான். "உங்களுக்கு எது முக்கியமோ அதை மறக்காம எழுதிடுங்க."

எனக்கு முக்கியமானது ஒன்றே ஒன்று, புதன்கிழமை மூன்று மணி வகுப்பு. தேர்வில் தோற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரும்பலகைக்கு வந்து தப்பும் தவறுமாகக் கணக்குப் போடுவார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறக்க மாட்டேன். "ரப்பர்" என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பெண், எழுதியதை எழுதிய கையோடு அழிப்பவள், இரண்டு மாதமாக ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை. அந்த வகுப்பு என் உயிர்.

எழுதப் பேனாவைத் திறந்தேன். சீட்டைத் திருப்பினால் மூலையில் பென்சிலில் 14. மூன்றிலும் அதே 14. பெயர் வேண்டாமாம், நம்பர் மட்டும் வேண்டுமாம்! யார் எதைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று தெரிந்துகொண்டு முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். நானா மாட்டுவேன்? மூன்றையும் வெறுமையாகவே மடித்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "உங்க அண்ணன் எமகாதகன்," என்றேன்.

"உங்க நிழல்மேலயே உங்களுக்குச் சந்தேகம்," என்றாள்.

ஒரு மாதத்தில் திட்டம் அச்சாகி வந்தது. நாற்பது பக்கம். புதன்கிழமை வகுப்பைக் காணோம். அன்று பார்த்து ரப்பர் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், அடுத்த பருவத்துலயும் நம்ம வகுப்பு உண்டுல்ல?"

நேரே மச்சான் அறைக்குப் போனேன்.

"யார் வெட்டினது?"

"யாரும் வெட்டல, மாப்பிள்ளை." அலமாரியிலிருந்து முதல் தாளை எடுத்து மேசையில் விரித்தார். "யாரும் எழுதல. நானே பதறிப்போய் ரெண்டு தடவை தேடினேன். ஒருங்கிணைப்பாளருக்குச் சீட்டு கிடையாது. சொந்தக்காரனுக்காகப் பேசறான்னு நாக்குமேல பல்லைப் போட்டுச் சொல்வாங்களேன்னு வாயையும் திறக்கல."

"அப்போ சீட்டுல நம்பர் எதுக்கு?"

"ஆபீஸ்ல மூணு மூணாப் பிரிக்கறதுக்குப் போட்டது. யாருக்கு எது போச்சுன்னு யார் பார்த்தா?" ஓர் உறையைத் திறந்து மூன்று மஞ்சள் சீட்டுகளை என் முன்னால் போட்டார். "இதைப் பாருங்க. எந்த மகானோ மூணையும் வெறுமையாப் போட்டிருக்கார். இதுல ஒண்ணுல உங்க வகுப்பு இருந்திருந்தாப் போதும்."

திருப்பிப் பார்த்தேன். 14. வெட்கத்தில் காது சுட்டது.

"இது என்னோடதுதான், மச்சான்."

அவர் சிரித்துவிட்டார். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"யாரையோ காப்பாத்தப் பாக்கறீங்க. அந்த வகுப்புக்காக உயிரை விடற ஆள் நீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"