மலைக்கோட்டை உச்சியில் ஒரு பாசுரம்

ஜட்கா தெப்பக்குளத்தோரம் வந்து நின்றபோது பிள்ளை வீட்டார் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த நாளிலிருந்து ஆற்றுக்கு அந்தக் கரையில் நின்று தினமும் பார்க்கிற மலைதான். தூரத்திலிருந்து பார்க்கும்போது சாதுவாக உட்கார்ந்திருக்கும். அடியில் வந்து நின்றால்தான் அது எத்தனை உயரம் என்று தெரிகிறது. இதன் மேல்தான் என் பெண் பூமாவை ஏறச் சொல்கிறார்கள்.

பூமாவுக்கு இழுப்பு உண்டு. குழந்தையிலிருந்தே உண்டு. பனி வந்தாலும் வரும், தூசி பட்டாலும் வரும், நாலு எட்டு வேகமாக நடந்தாலும் வரும். மார்புக்குள் பூனைக்குட்டி உட்கார்ந்திருப்பது போல ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வாசல் தாண்டிப் போகாமல் இத்தனை காலம் காப்பாற்றியிருந்தேன். இரவில் இழுத்தால் ஜன்னலைச் சாத்துவேன். பகலில் யாராவது வந்தால் பாத்திரத்தை உருட்டுவேன். பதினெட்டு முடிந்து இன்னும் வீட்டில் இருக்கிறாள். வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பஜ்ஜி சொஜ்ஜி, ஒவ்வொரு தடவையும் "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்."

இந்த இடம் பட்டணத்து இடம். யுத்தத்தில் பட்டணத்தின் மேல் குண்டு விழும் என்று பயந்து மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்சியில் உறவுக்காரர் வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். பிள்ளை வரது, பாங்கியில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. நேரில் பார்ப்பதுதான் பாக்கி என்றிருந்தபோது, பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பினாள். "மலைக்கோட்டை ஏறிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. பொண்ணையும் அழைச்சுண்டு வாங்கோ. அங்கேயே பாத்துடலாம். உங்களுக்கும் சிரமமில்லே."

கேட்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் தெருவில் ஏதோ ஒரு வாய் இழுப்பு விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. மாட்டேன் என்றால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி. வருகிறோம் என்றோம்.

எங்கள் குடும்பத்தில் யாரும் இந்த மலை ஏறினதாக எனக்கு நினைவில்லை. உச்சியில் இருக்கிற பிள்ளையாரோடு எங்களுக்கு ஒரு சண்டையுமில்லை. பெருமாள் சன்னிதியைத் தவிர வேறு வாசல் மிதிக்கிற வழக்கமில்லை, அவ்வளவுதான். பிள்ளை வீட்டாரும் அப்படித்தான். ஆனாலும், "காத்து வாங்கத்தானே போறோம்" என்று இரண்டு பக்கத்திலும் சொல்லிக்கொண்டோம். தேவைப்பட்டால் ஆசாரம் எவ்வளவு அழகாக வளைந்து கொடுக்கிறது!

பிள்ளையின் அப்பா வீரராகவன் கனத்த சரீரம். மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் கீழேயே இருக்கேன். செருப்பையெல்லாம் பாத்துக்கணுமே" என்று கடை நிழலில் உட்கார்ந்துவிட்டார். அவரை ஏறிக் காட்டச் சொல்ல யாருமில்லை.

மாமி, பிள்ளையின் அம்மா, முன்னால் ஏறினாள். பின்னால் வரது, அவனுக்குப் பின்னால் பூமாவும் என் அகத்துக்காரரும், கடைசியில் நான். பாறையைக் குடைந்த படிகள். வெளியே சித்திரை மாத வெயில் தாழ்ந்திருந்தது. உள்ளே புழுக்கம், வௌவால் நாற்றம். புறப்படும்போது ஆடாதோடைக் கஷாயம் கொடுத்திருந்தேன். வாயைத் திறக்காதே, மூக்கால் மூச்சு விடு, கேட்டதற்கு மட்டும் தலையை ஆட்டு என்று ராத்திரியெல்லாம் சொல்லியிருந்தேன். முதல் திருப்பத்திலேயே அவள் தோள்கள் உயர்ந்து தாழ ஆரம்பித்துவிட்டன.

"அப்பாடி!" என்று என் அகத்துக்காரர் படியில் உட்கார்ந்தார். "முட்டி பிடிச்சுண்டுடுத்து. கொஞ்சம் இருங்கோ."

நான் பதறிப் போனேன். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலத்தைக் கடந்து தினமும் நடந்தே ரயில்வே ஆபீசுக்குப் போய் நடந்தே திரும்புகிற மனிதர். தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. அப்புறம்தான் பார்த்தேன். பூமாவின் கை அவர் தோளில் இருந்தது. அப்பாவைத் தாங்கிப் பிடிப்பது போலக் குனிந்து நின்று அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். தோள்கள் அடங்கினதும் அவர் முட்டியைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

என்னிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவர் வேஷ்டியில் ஒட்டின தூசியைத் தட்டிவிட்டேன்.

அடுத்த திருப்பத்திலும் உட்கார்ந்தார். தாயுமானவர் சன்னிதிக்குப் போகிற வழி பிரிகிற இடத்திலும் உட்கார்ந்தார். நடிக்கத் தெரியாதவர் நடித்தால் அளவு தெரியாது. ஒரு தடவை வலது முட்டியைப் பிடித்தார், இன்னொரு தடவை இடது. மாமி மேல் படியில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இந்த வயசுக்கே இப்படியா மாமா? நான் ஹைகோர்ட் லைட் ஹவுஸ் உச்சி வரைக்கும் ஏறியிருக்கேன், நிக்காம."

"எல்லாரும் உங்களை மாதிரி ஆயிடுமா?" என்று அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

மாமி என்னைப் பக்கத்தில் இழுத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்தினதாகத்தான் அவள் நினைத்திருக்க வேண்டும். "டாக்டர்கிட்டே காட்டினேளா? ரிடயர் ஆற வரைக்கும் தாக்குப் பிடிப்பாரா? நாளைக்கு இவரோட பாரம் எம்பிள்ளை தலையிலே வந்து விடியக்கூடாது பாருங்கோ."

குகைப் படியில் எந்தப் பேச்சும் ஒளியாது. பூமா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். அவர் குனிந்து முட்டியை இன்னும் பலமாகத் தேய்த்தார்.

வெளியே வந்ததும் வெட்டவெளிப் பாறை. கடைசிப் படிகள் செங்குத்து. அங்கே உட்கார இடமில்லை. நானே இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தவழாத குறையாக ஏறினேன்.

உச்சியில் காற்று புடவையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. சன்னிதிப் பக்கம் போகாமல் எல்லோரும் மண்டபத்தின் வடக்கு ஓரத்தில் ஒதுங்கினோம். கீழே காவேரி. ஆறு என்று சொல்ல முடியாது. மணல்தான், நடுவே ஒரு சின்ன ஓட்டம். அதற்கு அப்பால் தோப்பு, தோப்புக்கு மேல் கோபுரங்கள், தெற்கே முடியாமல் நின்றுபோன மொட்டைக் கோபுரம். எங்கள் வீடு எங்கேயோ அதற்குள் இருந்தது. தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. நான் விடிந்தது முதல் மாரடிக்கிற அடுப்பும் கிணற்றடியும் சாத்துகிற ஜன்னலும் இங்கிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.

பூமா தூணில் சாய்ந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. வாயை இறுக மூடியிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம், யாரும் ஒன்றும் கேட்காமல் இருந்தால் போதும் என்று ரங்கநாதனை வேண்டிக்கொண்டேன்.

"பாட்டெல்லாம் தெரியும்னு சொன்னாளே" என்றாள் மாமி, தரையில் வசதியாக உட்கார்ந்துகொண்டு. "ஸ்ரீரங்கத்துப் பொண்ணு. கோபுரத்தைப் பாத்துண்டு ஒரு பாசுரம் சேவிக்கட்டுமே. கேக்கறதுக்கு நன்னா இருக்கும்."

பாவி, கடைசியில் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அவளுக்குத் தொண்டை கட்டிண்டிருக்கு" என்றேன்.

"நான் வேணா சேவிக்கறேன்" என்றார் அவர்.

அவருக்குப் பாடவே வராது. கோவிலில் எல்லோரும் சேர்ந்து சேவிக்கிற கோஷ்டியில்கூட வாயை மட்டும் அசைப்பார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு ஆரம்பித்தார். குரல் எங்கோ போயிற்று, காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கிற்று. அவர் நிறுத்தவில்லை. அடுத்த அடியையும் பிடித்தார்.

"போறும்பா."

பூமாவின் குரல். அவர் நிறுத்தினார்.

"அப்பாவுக்கு முட்டியிலே ஒண்ணுமில்லே மாமி." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவள் மூச்சைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. "நான் நிக்கறதுக்காக அவர் உக்காந்துண்டு வந்தார். எனக்குத்தான் இழுப்பு. சின்ன வயசிலேர்ந்து இருக்கு. மூச்சு வந்ததும் நானே சேவிக்கறேன். நேரமாகும். அவசரம்னா நீங்க இறங்குங்கோ."

சொல்லிவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முழங்கால்களில் கைகளை ஊன்றி, தலையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். மனிதர்கள் முன்னால் அவள் அப்படி மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. நான் விட விட்டதில்லை. முன்னால் போய் மறைக்கத்தான் என் கால் எழுந்தது. எழுந்த கால் அப்படியே நின்றுவிட்டது.

அவர் மகளைப் பார்க்கவில்லை. இடது கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. அவள் தன் பிள்ளையைப் பார்த்தாள். காற்று வருகிற பக்கம் நின்றுகொண்டிருந்த வரது, யாரும் சொல்லாமலே, இரண்டடி தள்ளி நின்றான். காற்று பூமாவின் மேல் வந்து அடித்தது. மாமி எழுந்திருக்கவில்லை. கால்களை நீட்டி, படியேறிச் சிவந்த பாதங்களை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

பொன்மலைப் பக்கம் ஒரு ரயில் கூவிவிட்டு அடங்கியது. அதற்குப் பிறகு மண்டபத்தில் பூமாவின் நெஞ்சிலிருந்து வந்த சத்தம் மட்டும்தான் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.