காயாத கால்மிதி

எங்கள் வீட்டு பெல்லுக்கு வெட்கம் மானம் எதுவும் கிடையாது. அம்மா ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து ஏழரைக்கு வந்து, எட்டு மணிக்குத் தலையைச் சாய்ப்பாள். ஒன்பதுக்குக் கூரியர்காரர் வந்து அடிப்பார். பத்துக்கு மாடிவீட்டு அக்கா, "ஸ்குரூ டிரைவர் இருக்கா?" பதினொன்றுக்கு வீடு மாறி வந்த யாரோ ஒருவர்.

போன வாரம் பேக்கிங் மெஷின் முன்னால் நின்றபடியே அம்மா தூங்கிவிட்டாள். இன்னொரு தடவை கண்ணை மூடினால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். இதைச் சொன்னபோது அவள் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்து, சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது.

அதனால்தான் கால்மிதி. பதினோரு வீடியோ பார்த்துவிட்டேன், ஒன்றை இரண்டு தடவை. நேற்று சாயங்காலம் அம்மா கிளம்பியதும் கூடத்தில் கடையைப் பரப்பினேன். புது தேங்காய் நார் கால்மிதி, கறுப்பு பெயின்ட், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், பிளேடு. எழுத்து வெட்டுவதற்கு அம்மாவின் பழைய முட்டி எக்ஸ்ரே இரண்டு.

பஸ் ஓட்டிவிட்டு வந்த அண்ணன் எல்லாவற்றையும் தாண்டித் தாண்டிப் போனான்.

"என்ன இன்ஜினியரே, முட்டி ஆபரேஷனா?"

"கால்மிதி. 'அம்மா தூங்குறாங்க, பெல் அடிக்காதீங்க'ன்னு வரப்போகுது."

"பெல்ல கழட்டிப் போட்டா ரெண்டு நிமிஷ வேல. இதுக்கு எதுக்குடி இவ்வளவு அலப்பறை?"

"அப்புறம் அம்மா எப்படி உள்ள வருவாங்க? இருக்கறது ஒரே சாவி, அதுவும் உன்கிட்ட. ஐடியா இல்லாதவங்க ஓரமா நில்லுங்க."

"ரைட், ரைட்" என்று உள்ளே போய்விட்டான்.

முதல் எக்ஸ்ரேயில் 'அம்மா' வெட்டினேன். 'அ'வின் சுழியைச் சுற்றி வெட்டி முடித்ததும் உள்ளே இருந்த குட்டித் துண்டு கையோடு வந்துவிட்டது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. ஒட்டப் பார்த்தேன், அதுவும் கிழிந்தது. எந்த வீடியோக்காரனும் இதைச் சொல்லவில்லை. மிச்சம் ஒரே ஒரு எக்ஸ்ரே. சுழிகளுக்கெல்லாம் மெல்லிசாக ஒட்டு விட்டு வெட்டினேன். நாலு வார்த்தைக்கு இடம் போதவில்லை. 'அம்மா'வை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் பகலில் வேறு யார் தூங்குகிறார்கள்?

நாரில் பெயின்ட்டை இழுத்துப் பூசக் கூடாது, ஸ்பாஞ்சால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தேன். தூங்குறாங்க. பெல் அடிக்காதீங்க. எழுத்து கோணல்தான், ஆனால் படிக்க முடிந்தது. பெயின்ட் நாற்றம் தாங்காமல் கால்மிதியை வாசலுக்கு வெளியே காயப் போட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டு நாள் பரீட்சைக்காகக் கண்விழித்த உடம்பு, அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டேன்.

முழித்தபோது மணி ஒன்பதே முக்கால். அண்ணன் ஐந்துக்கே வேலைக்குப் போயிருந்தான். அம்மா வந்த சுவடே இல்லை. கம்பெனியில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில், தலை சுவரில், வாய் லேசாகத் திறந்து. நல்ல தூக்கம்.

கூப்பிட வாயெடுத்தேன். அப்போது மாடிவீட்டு அக்கா இறங்கி வந்தாள். கால்மிதியைப் படித்தாள், அம்மாவைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி இறங்கிப் போனாள். அவள் போனதும், இன்றைக்குத் தாமதமாகக் கூரியர்காரர். கை நேராக பெல்லுக்குப் போனது. எட்டிப் பிடித்துவிட்டேன்.

"அண்ணே, கீழ பாருங்க."

"வாசல்ல நிக்கிறவன் பெல்லத்தான் பாப்பான், காலையா பாப்பான்?" குரலை அடக்கிக்கொண்டு படித்தார். திரும்பி அம்மாவைப் பார்த்தார். "இவங்களா? தெனம் இவங்களையா எழுப்பி விட்டுட்டிருந்தேன்? சொல்லக் கூடாதாம்மா?"

உள்ளே போய் ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்தேன். பெல்லின் இரண்டு ஸ்குரூ சுலபமாக வந்தது. மூன்றாவதை அவரே கழற்றிக் கொடுத்துவிட்டு, பார்சலை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார்.

பத்தேகாலுக்கு அம்மா தானாகவே கண் திறந்தாள்.

"ஏம்மா, பெல் அடிக்க வேண்டியதுதானே?"

"யாரோ தூங்குறாங்கன்னு போட்டிருந்துச்சே. ரெண்டு நாளா முழிச்சுப் படிச்ச, நீதான்னு நெனச்சேன். சரி, எந்திரிக்கட்டும்னு உக்காந்தேன்."

"அது நீதாம்மா."

"நானா?"

எழுந்து கால்மிதி அருகே வந்தாள். தாண்டி வரக் காலைத் தூக்கினாள், முட்டி ஒத்துழைக்கவில்லை.

"பெயின்ட் ஈரமா இருக்குடி."

"பரவால்ல, மிதிச்சுட்டு வா. நாளைக்கு உனக்கு ஒரு சாவி போட்டுத் தரேன்."

மிதித்து வந்தாள். கூடத்தில் கறுப்புக் கறுப்பாகப் பாதங்கள், கட்டில் வரைக்கும். காலைக்கூடக் கழுவவில்லை. படுத்த அரை நிமிடத்தில் குறட்டை.

தரையைத் துடைக்கலாம் என்று பக்கெட்டை எடுத்தேன். கைப்பிடி கிணுங்கியது. அப்படியே வைத்துவிட்டேன்.