லாரேகியின் இடது முட்டி

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் ஒன்றரைப் பக்கம். 2001ஆம் வருடத்துக் கல்லூரி மலரில், விளையாட்டுப் பகுதியில் அவ்வளவு இடம் காலியாக இருந்தது. 'வெளிநாட்டு வீரர் ஒருவரின் வாழ்வும் ஆட்டமும்' என்று எழுதித் தரும்படி பேராசிரியர் தேவசகாயம் என் தலையில் கட்டிவிட்டார். உண்மையான வீரரை எழுதினால் தேதி தப்பாகும். எவனாவது சண்டைக்கு வருவான். ஆகவே அன்தோன் லாரேகி என்ற ஸ்பானிய நடுக்கள ஆட்டக்காரனை நானே பெற்றுப் பெயர் வைத்தேன். தேடாதீர்கள், அப்படி ஒருவன் கிடையாது.

கிடையாத ஒருவனின் முட்டியை நினைத்து எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்பதுதான் மீதிக் கதை.

2

முதல் தொடக்கம்: 'ஸ்பெயினின் வடகரையில், ஓயாமல் மழை பெய்யும் துறைமுக ஊர் ஒன்றில், தறிச்சத்தம் கேட்டுக் கண்விழித்த லாரேகி' [அடித்தாயிற்று. துறைமுகத்தில் தறிக்கு என்ன வேலை? எனக்குத் தெரிந்த காலைச்சத்தம் அது ஒன்றுதான்.]

இரண்டாவது: 'பிறக்கும்போதே அவன் கால்கள்' [எல்லாரும் கால்களோடுதான் பிறக்கிறார்கள்.]

மூன்றாவது நின்றது: 'லாரேகி கோல் போட்டு யாரும் பார்த்ததில்லை.'

அதற்குப் பிறகு பேனா தானாக ஓடியது. பதினேழு வயதில் ஊர் அணியில் சேர்ந்தான். பந்தை வாங்குவான், இன்னொருவனிடம் கொடுப்பான், கொடுத்த சுவடே தெரியாமல் நிற்பான். மறுநாள் பத்திரிகையில் கோல் போட்டவன் படம் வரும். படத்தின் ஓரத்தில் லாரேகியின் முழங்கை மட்டும் தெரியும். பெரிய அணி அவனை வாங்கியது. தேசிய அணி கூப்பிட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, திருப்பி அனுப்பியது. கடைசியில் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம் வந்தது. அதற்கு முந்திய வாரம் பயிற்சியில் அவன் இடது முட்டியில் 'டப்' என்று ஒரு சத்தம். யாரிடமும் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.]

3

அந்த 'டப்' ஸ்பெயினில் கேட்டதல்ல. செவிலிமேட்டுப் பாலத்துக்குக் கீழே, வறண்ட பாலாற்று மணலில் கேட்டது. முட்டி ஸுதர்சனுடையது. லாரேகிக்கு ஒரு நடை வேண்டும் என்று முதலில் அவன் நடையை எடுத்தேன். பிறகு, கேட்காமலே முட்டியையும் எடுத்துக்கொண்டேன்.*

* அவன் எனக்கு முதலாண்டிலிருந்து நண்பன். சின்ன காஞ்சிபுரத்துப் பையன். எங்கள் மணல் அணியில் நடுக்களம் அவன்தான்.

டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்து, ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஓடாதே, பாரம் தூக்காதே என்றார். ஸுதர்சன் தலையாட்டினான். ஞாயிற்றுக்கிழமை அவன் தூக்க வேண்டியிருந்த பாரம் பெருமாள்.

வைகாசி கருடசேவை. கருட வாகனத்தைச் சுமக்கிறவர்களை உயரம் பார்த்துத்தான், வாகனத்தைத் தோளில் தாங்கும் மரத்தண்டுகளில் நிறுத்துவார்கள். ஒருவன் அரை விரல் குட்டையாக இருந்தாலும் அவன் பங்குப் பாரம் பக்கத்துத் தோளில் இறங்கிவிடும். உள்தண்டின் நடு இடத்துக்கு ஒத்துவரும் உயரம் இரண்டே பேருக்கு: ஸுதர்சன், அவன் அப்பா அழகியமணவாளன். அந்த இடத்தில் வருஷக்கணக்காக நின்றவர் அப்பா. போன மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளை நிற்கட்டும் என்று ஏற்பாடாயிற்று. ஆனாலும், அவனுக்கு முடியாவிட்டால் தான் இருப்பதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது முகத்தில் ஓர் ஆசை தெரிந்ததாம். ஸுதர்சன் பயந்தது அந்த ஆசைக்குத்தான்.

வாயைத் திறந்தால் அப்பாவின் நெஞ்சு. திறக்காவிட்டால் முட்டி. முட்டி நடுவழியில் நழுவினால் பக்கத்துத் தோள்கள், வாகனம், கூட்டம். இதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் இடது காலை மெல்ல மடக்கி, நீட்டி, அது இன்னும் தன்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

4

வெள்ளிக்கிழமை மாலை பாலத்தடியில் அவனிடம் கதையைக் கொடுத்தேன். படித்தான். முடிவு எங்கே என்றான். இன்னும் எழுதவில்லை என்றேன். லாரேகி ஆடி முடித்து மைதானத்தை விட்டு நடந்து வெளியே வருவதாக எழுதச் சொன்னான். யோசிக்கிறேன் என்றேன்.

"இல்லாத ஆள்தானேடா இளங்கோ. அவன் முட்டி நின்னுதுன்னு எழுதினா உனக்கு என்ன கொறஞ்சுடப் போறது?"

"எழுதலாம்பா. நீ அத்த நம்பிக்கினு போய் நின்னுடுவியே, அதான் பயமா இருக்குது."

மணலில் உட்கார்ந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: எண்பதாவது நிமிடத்தில் முட்டி நழுவுகிறது. லாரேகியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகிறார்கள். [அவனை மிரட்டி நிறுத்துவதற்காக எழுதியது.] ஸுதர்சன் படித்தான். "அப்போ அப்பாதான்" என்று எழுந்தான். தாளைப் பிடுங்கிக்கொண்டேன்.

முடிவு ஆ: முட்டி நிற்கிறது. ஸுதர்சன் இரண்டு தடவை படித்தான். முகம் தெளிந்தது. கருடசேவையன்று வாகனத்தின் உச்சி இடிக்காமலிருக்க, சந்நிதி வாசலில் தண்டைத் தோளிலிருந்து கைக்கு இறக்கி, எல்லாரும் முட்டியை மடக்கித் தாழ்ந்து வெளியே வந்து, ஒரே மூச்சில் எழ வேண்டும். அதைச் செய்து காட்டுகிறேன் என்று தாழ்ந்தான். எழவில்லை. ஒரு கையை மணலில் ஊன்றிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று பாலத்தைப் பார்த்தான். நான் கை கொடுத்துத் தூக்கினேன். "மணல்டா. கல்தரைன்னா எழுந்துடுவேன்" என்றான்.

முடிவு இ: லாரேகி பயிற்சியாளரிடம் உண்மையைச் சொல்கிறான். மாற்று வீரன் இறங்குகிறான், அணி ஜெயிக்கிறது. புத்தியுள்ள முடிவு, பேராசிரியருக்குப் பிடிக்கும்.

"அந்த மாத்து ஆளுக்கு அம்பத்தெட்டு வயசா? போன மாசம் வரைக்கும் மாத்திரை முழுங்கிண்டு இருந்தானா?" என்றான் ஸுதர்சன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ எதையாவது எழுது. எனக்குச் சொல்லாதே. வாசல்ல முட்டிய மடக்கும்போது உன் மூஞ்சியப் பாத்துக்கறேன். லாரேகி முட்டி நின்னுதா இல்லையான்னு அதுல தெரிஞ்சுடும்" என்றான்.

[கல்லூரியில் என் மூஞ்சியில் எதுவும் தெரியாது என்றுதான் பெயர். அதை வைத்துத்தான் மூன்று வருடம் பேராசிரியர்களைக் கிண்டல் செய்து தப்பித்தேன்.]

5

ஞாயிறு. வானம் இன்னும் வெளுக்கவில்லை. வீதி முழுக்கத் தலைகள். கசங்கிய ஒன்றரைப் பக்கம் என் சட்டைப்பையில் இருக்கிறது. கடைசி வரி: 'எண்பதாவது நிமிடத்தில் லாரேகி இடது காலை ஊன்றி' [இதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சத்தியமாக.]

இங்கே நான் இறந்தகாலத்துக்குப் போயிருக்கலாம். 'எழுந்தான்' என்றோ 'விழுந்தான்' என்றோ எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பயந்தவனுக்கு இறந்தகாலம் வசப்படுவதில்லை.

நாதஸ்வரம் ஓய்கிறது. வாகனம் வாசலுக்கு வந்துவிட்டது. உள்தண்டின் நடுவில் ஸுதர்சன், வெற்றுடம்பில் வியர்வை வழிய நிற்கிறான். அவனுக்கு இரண்டடி தள்ளி அழகியமணவாளன், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்போது கண்டுபிடித்தாரோ தெரியாது. காலைத்தான் பார்க்கிறார், முகத்தை அல்ல.

தண்டு கைக்கு இறங்குகிறது. முட்டிகள் மடங்குகின்றன. எல்லாரும் தாழ்கிறார்கள். நகர்கிறார்கள். வெளியே வந்துவிட்டார்கள். எழுவதற்கான குரல் மட்டும் பாக்கி.

ஸுதர்சன் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடுகிறான். அழகியமணவாளன் ஓரடி முன்னே வைத்துத் தோளைத் தண்டுக்கு நேராகக் கொண்டுபோகிறார்.

லாரேகியின் முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நழுவட்டும், நிற்கட்டும், பெஞ்சில் உட்காரட்டும். எனக்கு அது வேண்டாம். நான் கேட்பது வேறு. ஸுதர்சன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். என் முகத்தில் இப்போது என்ன இருக்க வேண்டும்? சிரிக்கவா? தலையை ஆட்டவா? திரும்பிக்கொள்ளவா?

சொல்லுங்கள். பார்த்துக்கொண்டிருக்கிறான்.