மேஜைக்கடியில் ஒரு உள்ளங்கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதச் சொன்னவள் ரங்கம்மா. அவளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான். மெக்சிகோவிலிருந்து போன் போட்டு அழுதாள். "கதையிலயாவது என்னைத் தட்ட வைங்க சார்." எதைத் தட்டுவது என்று சொல்கிறேன், பொறுங்கள்.

2

[தொடக்கம்: ‘ஓசூரின் பனிக்காலையில் கம்பெனி பஸ் மெல்ல…’ சே, பனி எதற்கு?]

ரங்கம்மா கர்நாடக எல்லையிலிருக்கும் தளி ஊர்க்காரி. வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ். சுஜாதா கல்லாவி ஊர்க்காரி, பத்து வயது மூத்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் இருவருக்கும் பிரஸ் மெஷினில் வேலை. அந்த இரைச்சலில் சுஜாதாவின் வலது காது போயே போய்விட்டது. இடது காதும் போய்க்கொண்டிருந்தது. ரங்கம்மாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

மெக்சிகோவில் புது ஆலை. அங்கே ஆட்களைப் பழக்க இங்கிருந்து ஒருத்தி போகவேண்டும். இவர்கள் இருவரில் ஸ்பானிஷ் தேர்வில் முதலில் வருபவளுக்கு அந்த இடம். மற்றவள் திரும்பவும் பிரஸ் மெஷினுக்கு.

3

தேர்வு இதுதான்: ஸ்பீக்கரில் சொல்லும் வினைச்சொல்லை அசையசையாகப் பிரிக்கணும், அழுத்தம் எங்கே என்று குறிக்கணும். திரா-பா-ஹோ. நடுவில் அழுத்தினால் ‘நான் வேலை செய்கிறேன்’. கடைசியில் அழுத்தினால் ‘அவள் வேலை செய்தாள்’.

தாளைப் பார்த்தே சுஜாதா அசை பிரித்துவிடுவாள். அழுத்தம்தான் காதுக்கு எட்டாது. அதனால் பஸ்ஸில் ரங்கம்மா அவள் உள்ளங்கையில் தட்டுவாள். அசைக்கு ஒரு தட்டு, அழுத்தத்துக்கு ஓங்கி ஒன்று.

"மெதுவாடி, கை செவக்குது."

"செவந்தாத்தான்க்கா மனசுல நிக்கும்."

(அடிக்குறிப்பு: நம் வினையிலும் விகுதிதான் ஆளைச் சொல்லும், செய்கிறேன், செய்தாள். ஆனால் நம்மிடம் அழுத்தம் ஆளை மாற்றாது… சரி, நேரம் கடத்துகிறேன். அடுத்த பகுதியை எழுதக் கை வரவில்லை.)

4

தேர்வு நாள், கேன்டீன் மேஜை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில். சொற்கள் அழுத்தக் குறியில்லாமல் தாளில் இருந்தன, குரல் ஸ்பீக்கரில் வந்தது. சுஜாதா இடது கையை மேஜைக்கடியில் நீட்டி உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

ரங்கம்மா கையை நீட்டி

ரங்கம்மாவின் விரல் மெல்ல

‘அய்யோ தேவ்ரே’ என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு முனகியபடி ரங்கம்மா

மூன்றையும் பாதியில் விட்டுவிட்டேன். ரங்கம்மா தன் இரண்டு கையையும் மேஜைமேலேயே வைத்துக்கொண்டாள். இருபது சொல் முடியும்வரை அந்த உள்ளங்கை விரிந்தே இருந்தது.

வெளியே வந்ததும் சுஜாதா சொன்னாள்: "சூப்பர்வைசர் பாத்துக்கினே இருந்தான் இல்ல? நீ என்னடி பண்ணுவ, பாவம்."

அன்றைக்கு சூப்பர்வைசரே வரவில்லை.

5

முடிவு ஒன்று: ரங்கம்மா தட்டுகிறாள், சுஜாதா மெக்சிகோ போகிறாள். இதை எழுதினால் ரங்கம்மாவுக்குத் தூக்கம் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுஜாதாவுக்கு இதனால் என்ன வந்தது?

முடிவு இரண்டு: இருவரும் தோற்கிறார்கள். இது என் கோழைத்தனம், விடுங்கள்.

ரங்கம்மா போனில் சொன்னது இது: "இப்ப போன் போட்டா அக்கா ஹலோ ஹலோன்னே சொல்லிக்கினு இருக்கா சார். நான் பேசறது கேக்கவேயில்ல."

என்னால் இந்தக் கதையை முடிக்க முடியவில்லை. அந்தக் கை இன்னும் மேஜைக்கடியில் விரிந்தபடி இருக்கிறது. முதல் சொல் திராபாஹோ, குரல் நடுவில் அழுத்துகிறது. உங்களுக்குக் காது நன்றாகத்தானே கேட்கிறது? ரங்கம்மாவின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மெக்சிகோவில் இடம் ஒன்றுதான், அதையும் மறந்துவிடாதீர்கள்.